கொர்வே விமானத்துக்குச் சாயம் பூசியது

என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது சைகோனில் விமானக் கொர்வே பார்த்தவர். கொர்வே என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. விமானத்துக்குச் சாயம் அடிப்பது, இறக்கையில் வட்டக் குறி போடுவது, வாலில் எண் எழுதுவது எல்லாம் சேர்ந்த ஒரு உத்தியோகம் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போய், கல்யாண வீடுகளில் "அவரு அங்க கொர்வே ஆபீசர்" என்று சொல்லிவிடுவார். பெரியப்பா அதை மறுக்கமாட்டார். அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்களுக்கு, அதாவது பட்டாளத்துக்காரர்களுக்கு, ஒரு சங்கம் இருந்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி அங்கே கொடியேற்றி, மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அதன் செயலாளருக்குக் குரும்பகரம் சொந்த ஊர். அதனால் அவரை எல்லாரும் குரும்பகரத்தார் என்பார்கள். அவரும் அதே சைகோனில், அதே விமானத் தளத்தில் இருந்தவர். தான் எஞ்சின் பக்கம் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். ஒரு கூட்டத்தில் காபி ஆறிப்போய் வந்தது பற்றி இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அது எப்படியோ விமானத்துக்குப் போய்விட்டது. குரும்பகரத்தார் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, "நீ பிளேனத் தொட்டதே இல்லய்யா. சோறு பொங்கிக்கிட்டுக் கெடந்த ஆளு, என்கிட்ட சாயங்கீயம்னு கத விடாத" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா அன்றோடு சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். மெடல் பீரோவுக்குள் போனது. விழாவுக்கென்று பெரியம்மா வைத்திருந்த பட்டுப்புடவையும் அதன் பக்கத்திலேயே கிடந்தது. ஜூலை பதினாலு வந்தால் இருவரும் சுரக்குடியில் இருந்த நிலத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த மாதத்தில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில், நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டில், பாரிசில் இருக்கும் அண்ணன், பெரியப்பாவின் மகன், லீவுக்கு வந்தார். வரும்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுவிட்டுப் போனார். டிவியில் சொருகினால் வேலை செய்யும். விளையாட்டுகள் கேசட்டில் இருந்தன. அவற்றில் ஒன்று போர் விமானம் ஓட்டுகிற விளையாட்டு.

ஒரு நாள் நான் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா பின்னால் வந்து நின்றார். விமானம் ஒரு குட்டிக்கரணம் போட்டது.

"நிறுத்து, நிறுத்து. இது எங்க பிளேனும்மா."

"இங்கிலீஷ்காரங்க பிளேன்னு அட்டையில போட்டிருக்கு பெரியப்பா."

"செஞ்சவன் அவன்தான். எங்களுக்கும் கொடுத்திருந்தான். சாமான் அதேதான், வேஷம்தான் வேற." திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இந்த வேஷத்தக் கலைச்சிட்டு எங்க வேஷத்தப் போட முடியுமா?"

முடியலாம் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரும் ஜூலை பதினாலுக்கு இந்தப் பெட்டியைச் சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் எது இருந்தது என்று விமானத்தை அப்படியே காட்ட வேண்டும், அதற்குப் பிறகு குரும்பகரத்தார் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் அவர் திட்டம். "தொடாத ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நாலு பேரு கேக்கணும்ல?" என்றார். அடுப்படியிலிருந்து பெரியம்மா, "நான் அந்தப் பொடவையக் கட்டியே ஆகணும். மடிப்புல நூலு விட்டுப் போச்சு" என்றார்.

நான் எதையும் வகை பிரித்துக்கொண்டால்தான் வேலை செய்ய முடிகிற ஆள். எனவே இடைஞ்சல்களை வகை பிரித்தேன். முதலாவது, பொத்தான்கள் பிரெஞ்சு வரிசையில் இருந்தன. நாங்கள் டைப் இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல்கள் ஏ என்று தட்டினால் க்யூ வந்தது. இரண்டாவது, மின்சாரம் போனால் அதுவரை செய்தது எல்லாம் போகும். அதனால் அவ்வப்போது கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. அந்தப் பெட்டி எங்கள் வீட்டு டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. எங்கள் டிவியே கறுப்பு வெள்ளை டிவிதான். அதாவது, நான் சாயம் பூசப்போகும் விமானத்தின் சாயத்தை நானோ பெரியப்பாவோ பார்க்க முடியாது. சங்கத்தில் ஒருவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கலர் டிவி இருந்தது. அதில் தெரியும், ஆனால் விழா அன்றுதான் தெரியும்.

நிறங்களுக்கு எண்கள் உண்டு என்று கையேட்டில் பார்த்துக்கொண்டேன். சிவப்பு ஒன்று. நீலம் நான்கு. வெள்ளை ஏழு. எங்கள் திரையில் ஒன்றும் நான்கும் ஏறக்குறைய ஒரே சாம்பல்.

விமானத்தின் படம் பெட்டியின் நினைவகத்தில் எங்கேயோ வரிசையான எண்களாக இருக்க வேண்டும். எங்கே என்று கையேடு சொல்லவில்லை. ஒரு எண்ணை மாற்றுவது, விளையாட்டை ஓட்டிப் பார்ப்பது, என்ன கெட்டுப்போயிற்று என்று கவனிப்பது, இதுதான் நான் கண்ட வழி. முதலில் மேகம் கறுத்தது. பிறகு கடல் மேலே போய் வானம் கீழே வந்தது. பிறகு எதிரி விமானம் சுட்டால் என் விமானத்துக்குப் பதிலாக மதிப்பெண் பலகை வெடித்தது. "அவன் நம்ம பக்கந்தான் போல" என்றார் பெரியப்பா. ஒரு மத்தியானம் விமானத்தின் மூக்கு காணாமல் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். படம் கிடைத்துவிட்டது.

இரண்டு படங்கள் இருந்தன. நேராகப் பறக்கும்போது தெரிகிற முதுகுப் பக்கம் ஒன்று. குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாகும்போது தெரிகிற அடிப்பக்கம் இன்னொன்று. இரண்டையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுத இடம் விட்டு, பெரியப்பாவை எதிரில் உட்கார வைத்தேன்.

வட்டக் குறியிலிருந்து ஆரம்பித்தோம். விளையாட்டில் இருந்தது இங்கிலீஷ்காரர்களின் வட்டம். நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை, வெளியே நீலம். முதுகுப் பக்கத் தாளைக் காட்டி, "இத எப்படி மாத்தணும் பெரியப்பா?" என்றேன்.

அவர் யோசிப்பதற்குள் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "நடுவுல என்ன கலரு?"

"செவப்பு பெரியம்மா."

"அப்பறம் என்ன? பொட்டுன்னா நடுவுல செவப்பாதான் இருக்கணும். நல்லாதானே இருக்கு, மாத்தாத."

"சரிதான், இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

நான் அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு அடிப்பக்கத் தாளை எடுத்து, இங்கேயும் நடுவில் சிவப்புதானே என்றேன். பெரியப்பா பதறிப்போனார்.

"அய்யய்யோ, நடுவுல நீலம்மா! நீலம், வெள்ள, வெளிய செவப்பு. இங்கிலீஷ்காரனுக்கு நேர்மாறு."

"நடுவுல நீலமா?" பெரியம்மா கரண்டியோடு உள்ளே வந்துவிட்டார். "ஏங்க, எந்தச் சுமங்கலியாவது நீலப் பொட்டு வைப்பாளா? வெளங்குமா அந்தப் பிளேனு?"

"அடியே, பிளேனுக்கு என்னாடி சுமங்கலி?"

"பேர வச்சு, பூசை போட்டு, பூவச் சுத்தித்தானே வண்டிய எடுக்குறாங்க? பிளேனுக்கு மட்டும் என்னவாம்?"

"வெள்ளக்காரன் பூசை போடமாட்டான்."

"அதான் தோத்துப்போயி வந்தான்."

இருவரும் அந்தச் சாம்பல் திரையைக் காட்டிக் காட்டி, இதோ சிவப்பு, அதோ நீலம் என்று சண்டை போட்டார்கள். ஒருவர் சிவப்பு என்று விரல் வைத்த இடத்திலேயே மற்றவர் நீலம் என்று விரல் வைத்தார். அந்த இடத்தில் நான் இன்னும் எந்த நிறமும் போட்டிருக்கவில்லை.

பெரியம்மா அடுப்படிக்குப் போனதும் நான் கேட்டேன். "பெரியப்பா, ஒரே பிளேனுக்கு மேல இங்கிலீஷ் வட்டமும் கீழ பிரெஞ்சு வட்டமும் எப்படி இருக்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழ நான் சொன்னதப் போடு. மேல நீ பாத்துக்க."

அன்றிலிருந்து அப்படித்தான் போனது. முதுகு என்ன நிறம் என்று கேட்டால், "எல்லா பிளேனும் எப்படியோ அப்படி" என்பார். வாலில் என்ன எண் என்றால், "அத எழுதுறவன் வேற" என்பார். அடிப்பக்கத்துக்கு வந்தால் நிறுத்தவே முடியாது. இடது இறக்கையின் அடியில் ஒரு மூடி, அதில் நாலு திருகாணியில் ஒன்று கிடையாது. வயிற்றில் ஒரு நசுங்கல், அதைத் தட்டி எடுத்து வேறு சாயம் அடித்திருந்தார்கள், அந்தச் சாயம் பழைய சாயத்தோடு சேரவில்லை. எஞ்சினிலிருந்து பின்பக்கமாக ஒரு எண்ணெய்க் கோடு. சக்கரம் மடங்கிப் போகிற குழிக்குள் ஒரு குருவிக் கூடு.

"கூடா? பறக்கறப்ப என்ன ஆகும்?"

"அது அவ்வளவா பறக்காது. எப்பவாச்சும் போச்சுன்னா, குருவி கொட்டாய் மேல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். திரும்பி வந்தவொடன ஏறிக்கும்."

கூட்டுக்கு ஒரு புள்ளி ஒதுக்கினேன். பழுப்பு நிறம் பெட்டியில் இல்லை, ஆரஞ்சு கொடுத்தேன்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. இந்த மனிதர் விமானத்தைப் பார்த்திருக்கிறார், மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார், ஆனால் கீழேயிருந்து மட்டும். கேட்டுவிடலாம் என்று கேட்டேன். "நீங்க பிளேனோட முதுகப் பாத்திருக்கீங்களா பெரியப்பா?"

"அந்த ஊரு வெயிலு ஒனக்குத் தெரியாதும்மா" என்றார். "எவன் வெளிய நின்னு பாப்பான்?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குரும்பகரத்தார் எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவர். முதுகைக் காட்டி ஒரு கேள்வி கேட்டால் பெரியப்பா கதை அங்கேயே முடிந்தது. எனவே நான் இரண்டு காரியம் செய்தேன். பெரியப்பா அடிப்பக்கத்துக்குச் சொன்னபடியே முதுகிலும் நடுவில் நீலம் போட்டேன். அங்கே வேறு எதையும் தொடவில்லை. இரண்டாவதாக, விழாவில் விமானத்தைத் தலைகீழாகவே ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

"தலகீழா பறக்குமா அது?" என்று கேட்டார் பெரியப்பா.

"பழகினா பறக்கும்."

"நல்லதாப் போச்சு. அப்ப அப்படியே வச்சுக்க."

தலைகீழாக ஓட்டும்போது மேலே என்றால் கீழே, இடம் என்றால் வலம். அதோடு பிரெஞ்சுப் பொத்தான்கள் வேறு. நூறு முறையாவது கடலில் விழுந்தேன். பெரியம்மா போகிறபோது வருகிறபோது பார்த்துவிட்டு, "நேரா போனாலே ஊரு ஒத்துக்கமாட்டேங்குது. இதுல தலகீழா வேற" என்பார். செய்து முடித்ததைப் பதிந்து வைக்க வேறு கேசட் இல்லாததால் அவருடைய நாதஸ்வரக் கேசட்டின் பின்பக்கத்தில் பதிந்தேன். ஒரு முறை மாற்றிப் போட்டுவிட்டேன். பெட்டி கால் மணி நேரம் கல்யாணி ராகத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரெஞ்சில் பிழை என்றது.

ஜூலை பதினாலு அன்று பெரியம்மா பட்டுப்புடவையில் வந்தார். மடிப்பில் நூல் விட்ட இடம் தோளுக்குப் பின்னால் போகும்படி கட்டியிருந்தார். பெரியப்பாவின் சட்டையில் மெடல். கொடியேற்றம் முடிந்து, கொடிப் பாட்டு முடிந்து, எல்லாரும் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்திருந்தார். நான் பெட்டியைக் கலர் டிவியில் சொருகினேன். கேசட் கீச்சிட்டது. குரும்பகரத்தார் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, "சோத்துக்காரரு என்னமோ படம் காட்டப்போறாராம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம், எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

விமானம் வந்தது. முதலில் முதுகு. பச்சை, நடுவில் நீலப் பொட்டு. நான் பார்த்த முதல் நிறங்கள் அவைதான். குரும்பகரத்தார் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. யாரோ ஊர் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புரட்டினேன்.

அடிப்பக்கம் ரோஸ் நிறத்தில் இருந்தது.

வெளிர் சாம்பலுக்கு எழுத வேண்டிய எண்ணுக்குப் பதிலாக ரோசின் எண்ணை எழுதியிருக்கிறேன். எங்கள் டிவியில் இரண்டும் ஒன்று. கொழுக்கட்டைக்குக் கலர் போட்டதுபோல ஒரு போர் விமானம், மல்லாந்து, கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சு அதிகாரி மரியாதையாக முன்னால் சாய்ந்து பார்த்தார். ரோசைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது.

குரும்பகரத்தார் எழுந்துவிட்டார். நேராக டிவிக்குப் பக்கத்தில் வந்து விரலை வைத்தார்.

"இது தப்பு! எண்ணெ இந்தப் பக்கம் ஒழுகாது. வலப் பக்கம்தான் ஒழுகும்."

"இடப் பக்கம்" என்றார் பெரியப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"வலப் பக்கம்யா! எனக்குத் தெரியாதா? ஒழுகி ஒழுகிக் கத்தி கையில நிக்காம வழுக்கும். எத்தன தடவ வெரல அறுத்துக்கிட்டிருக்கேன்."

"நீ ஒக்காந்தது வலப் பக்கம். நான் ஒக்காந்தது இடப் பக்கம். ரெண்டு பக்கமும்தான் ஒழுகுச்சு."

பெண்கள் வரிசையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, பிளேன்ல எதுக்குங்க கத்தி?"

பின்வரிசையில் இருந்த இன்னொரு பழைய சொல்தா சிரிப்பை அடக்க முடியாமல், "உருளக்கெழங்கு சீவுறதுக்கும்மா" என்றார். "சமையக்கொட்டாயில பொழுதுக்கும் வெயிலு. அதான் சாக்கப் போட்டுக்கிட்டு ரெக்கைக்கு அடியில ஒக்காந்து சீவுவாங்க. கொர்வேன்னா அதான? முறை வச்சுச் செய்யிற எடுபிடி வேல. அன்னக்கி யாரு கொர்வேயோ அவன் சீவணும். இவங்க ரெண்டு பேருக்கும் எப்பப் பாத்தாலும் கொர்வேதான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. எத்தனை கல்யாண வீடுகளில் சொன்னோம் என்று மனதுக்குள் எண்ணுகிற முகம் அது. பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை விடாமல் பிடித்திருந்தேன். விட்டால் விமானம் கடலில் விழும், அந்த நேரத்தில் அதையும் அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

குரும்பகரத்தார் இன்னும் டிவி அருகிலேயே நின்றார். அவருக்கும் போக்கிடம் இல்லை. எஞ்சின் பக்கம் என்று சொல்லிக்கொண்டது உண்மைதான், எஞ்சினுக்கு நேர் கீழே. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று குனிந்தார்.

"அது என்னய்யா, அந்தக் குழிக்குள்ள செவப்பா?"

"ஆரஞ்சு" என்றேன். "குருவிக் கூடுங்க."

"கூடா!" அவர் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். "யோவ். அத நீ மறக்கலயா?"

"எப்படி மறப்பேன்? குஞ்சு பொரிச்ச மாசம் பிளேன எடுக்கவிடாம நீதான மேலதிகாரிகிட்ட டயரு சரியில்லன்னு பொய் சொன்ன?"

"அவன் நம்பிட்டான்யா" என்றார் குரும்பகரத்தார். பிறகு முதல் வரிசையில் தன் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, நம்மாளு வரட்டும்" என்றார்.

பெரியப்பா எழுந்து வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. ஆறித்தான் இருந்தது, இருவரும் குடித்தார்கள். பிரெஞ்சு அதிகாரிக்கு யாரோ எல்லாவற்றையும் விளக்கியிருக்க வேண்டும். அவர் என்னிடம் வந்து, விமானங்கள் தலைகீழாகப் பறக்கிற அளவுக்குக் காரைக்கால் சொல்தாக்கள் தைரியசாலிகள் என்று தான் அறிந்திருக்கவில்லை என்றார். விளக்கியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த டயரு பொய் சொன்னது, அதுவும் கொர்வேல சேத்தியா?"

அடுத்த வாரம் பெரியப்பா குரும்பகரத்தாரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். விமானத்தில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றார்கள். ரோசைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று நான் தாளை எடுத்தேன்.

"ரோஸு கெடக்கட்டும், நல்லாதான் இருக்கு" என்றார் குரும்பகரத்தார். "ரெக்கைக்கு அடியில ரெண்டு பேரு ஒக்காந்திருக்கிற மாதிரிப் போட முடியுமாம்மா?"

விமானம் ஆகாயத்தில் பறக்கிறது, அதுவும் தலைகீழாக, அடியில் உட்கார்ந்தவர்கள் விமானத்துக்கு மேலே இருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போறோம்" என்றார் பெரியப்பா.

இருந்த இடத்தைக் கணக்குப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு புள்ளிதான் ஒதுக்க முடிந்தது. இடது இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி, வலது இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி. போட்டு, விமானத்தைப் புரட்டிக் காட்டினேன். எண்ணெய் சொட்டியதுபோல்தான் இருந்தது. இருவரும் டிவிக்கு மிக அருகே போய் உட்கார்ந்தார்கள். தலைகீழானால் இடம் வலமாகிவிடும், எனவே அது நீ, இது நான், இல்லை, நான் எப்போதும் வாசல் பக்கம்தானே உட்காருவேன் என்று, நான் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்த பிறகும், தங்கள் புள்ளி எது என்று முடிவாகவில்லை.